‘ஹேக்’ என்று தேடிப் பார்த்தேன்: ஓர் அகராதிச் செயலி

எந்த அகராதி கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ‘ஹேக்’ (hack) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். காரணம் உண்டு. மென்பொருள் கையேடுகளை மொழிபெயர்க்க வந்த புதிதில், ‘அசிங்கமான ஹேக், ஆனால் வேலை செய்கிறது’ என்று நிரலின் நடுவே ஒருவர் எழுதியிருந்த குறிப்பை ‘மோசமான ஊடுருவல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது அவசரத்துக்குப் போட்ட ஒட்டுவேலையை. படித்தவர்கள் பதறிப்போனார்கள்.

இந்த ஆங்கிலம்–தமிழ்ச் செயலி பழைய பொருள்களில் நன்றாகவே தேறுகிறது. வெட்டிக் கொத்துதல் என்ற பொருளுக்கு ஒரு வேர், வாடகைக் குதிரை என்ற பொருளுக்கு வேறொரு வேர் என்று பிரித்துக் காட்டுகிறது. வாடகைக் குதிரை, கூலிக்கு எழுதுபவர், அரைத்த மாவையே அரைக்கும் எழுத்தாளர் என்று பொருள் நகர்ந்த வழியும் தெளிவு. விடாத வறட்டு இருமலைக்கூட விடவில்லை. ‘என்னால் ஹேக் பண்ண முடியாது’ என்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்று பொருள். அதையும் கொடுத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன்.

கணினிப் பக்கம் வந்ததும் கைவிட்டுவிட்டது. ‘திருட்டுத்தனமாக நுழைதல்’, அவ்வளவுதான். இந்தச் சொல் அங்கே திருட்டாகப் பிறக்கவே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிறிய மாதிரி ரயில்களைச் செய்து ஓட்டும் மாணவர் மன்றம் ஒன்று உண்டு. மின் அமைப்பில் ‘ஹேக்’ செய்பவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் என்று அதன் 1955ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பு கேட்டுக்கொள்கிறது. பிரித்து, நோண்டி, மாற்றிப் பார்ப்பதுதான் அங்கே பொருள். அதே கழகத்தில் சாமர்த்தியமான குறும்புக்கும் இதுதான் பெயர். 1994இல் போலீஸ் கார் போல ஜோடித்த ஒன்றைப் பெரிய குவிமாடத்தின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். இன்றும் நிரலாளர்கள் ‘நல்ல ஹேக்’ என்றால் பாராட்டு. ‘சும்மா ஒரு ஹேக்’ என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். செயலியில் இரண்டும் இல்லை. லைஃப் ஹேக் (அன்றாட வேலையை எளிதாக்கும் சின்ன உத்தி), ஹேக்கத்தான் (நிரலாளர்கள் கூடிக் குறுகிய நேரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கும் நிகழ்ச்சி) ஆகியவற்றுக்கும் பதிவு இல்லை. ஹேக்கத்தானுக்கு அழைப்பு வந்த ஒரு மாணவர் இதைப் பார்த்தால் பயந்துதான் போவார்.

மற்றபடி இணையம் இல்லாமலே வேலை செய்கிறது, உச்சரிப்பு ஒலி சுத்தம், எழுத்து மட்டும் கொஞ்சம் சிறியது.

ஐந்துக்கு மூன்று. திருத்தம் அனுப்பும் படிவத்தில் ஒட்டுவேலை, சாமர்த்திய உத்தி, நோண்டிப் பார்த்தல் மூன்றையும் எடுத்துக்காட்டோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் வந்தால் நான்காக மாற்றிவிடுகிறேன்.