நின்னு சுடுறதா, ஓடிட்டே சுடுறதா? முதல் தடவை பிஸ்டல் எடுக்குற வட சென்னை ஆளுக்கு எது செட் ஆகும்

பிஸ்டல் ஷூட்டிங் போகணும்னு சொல்ற நம்ம ஏரியா பசங்க மண்டைக்குள்ள ஓடுறது எல்லாம் ஒரே சீன்தான், இடுப்புல ஹோல்ஸ்டர், பீப்னு ஒரு சத்தம், ஓட்டம், செவுத்து ஓரமா நின்னு டப் டப்னு ரெண்டு ரெண்டா சுட்டுட்டு மேகசினை மாத்தி அடுத்த டார்கெட்டுக்கு போறது. இதுக்கு பேரு பிராக்டிகல் ஷூட்டிங். ஆனா தண்டையார்பேட்டைல நின்னுட்டு இதை எங்கப்பா கத்துக்கறதுன்னு கேட்டா எல்லாரும் கை காட்டுறது எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்துல இருக்க சென்னை ரைஃபிள் கிளப்பைத்தான், அங்க பிஸ்டல்னா முதல்ல கைல வர்றது காத்தழுத்தத்துல வேலை செய்யற, ஒத்தக் கையால நின்ன இடத்துலயே சுடுற ஏர் பிஸ்டல். பாதி பேருக்கு அங்கயே ஆசை புஸ்ஸுன்னு போயிடும். போகக்கூடாதுங்கறதுதான் என் கட்சி, ஏன்னு சொல்றேன்.

முதல்ல சட்டம், ஏன்னா இதுதான் பாதி விஷயத்தை முடிவு பண்ணுது. பிராக்டிகல் மேட்ச்ல உலகம் பூரா ஓடுற குண்டு 9 எம்எம். நம்ம நாட்டுல அது தடை செஞ்ச போர் (bore, அதாவது குழல் அளவு), சாதாரண ஆளு லைசென்ஸ் போட்டு வாங்குற சமாச்சாரம் இல்ல. .22 (அங்குலக் கணக்குல குழல் அளவு) பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேணும். ஏர் பிஸ்டல் .177 சைஸ்ல, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ் படி லைசென்ஸே வேணாம். அதனாலதான் கிளப்புக்குள்ள நுழைஞ்சதும் உங்க கைல அது வருது, வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

சரி ஏர் பிஸ்டல். 10 மீட்டர் தூரம், டார்கெட்ல நடு வட்டம், அதாவது பத்து பாயிண்ட் வட்டம், வெறும் 11.5 மில்லிமீட்டர். போட்டில 60 ஷாட், 75 நிமிஷம். ஒரு கை பாக்கெட்ல இருக்கும், இன்னொரு கைல துப்பாக்கி, டிரிகர் வெயிட் 500 கிராமுக்கு கீழ இருக்கக்கூடாது. பாக்கறவனுக்கு செம போர். சுடுறவனுக்கு தோள்பட்டை நடுங்க ஆரம்பிச்சதும்தான் இது என்ன விளையாட்டுன்னே புரியும். கேரம் ஆடி வளந்த பசங்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்குன்னு நான் நம்புறேன், ஸ்ட்ரைக்கரை தட்டும்போது விரல் மட்டும் அசையணும் மணிக்கட்டு அசையக்கூடாதுன்னு சின்ன வயசுலயே அண்ணனுங்க திட்டித் திட்டி சொல்லிக் குடுத்திருப்பாங்க பாருங்க, டிரிகர்லயும் அதே கதைதான்.

போற வழி ஈஸி. விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை பக்கம் இருந்தா மெட்ரோல சென்ட்ரல் வந்து அடுத்த லைன் மாறினா எழும்பூர். பழைய கமிஷனர் ஆபீஸ்னு கரெக்டா சொல்லுங்க, 2021ல இந்த கிளப்புக்கு கிளம்பின அஜித்தே வேப்பேரில இருக்க புது கமிஷனர் ஆபீஸுக்கு போய் இறங்கிட்டாருன்னு நியூஸ் வந்துச்சு.

துப்பாக்கி உடனே வாங்காதீங்க. நல்ல மேட்ச் ஏர் பிஸ்டல் லட்சத்தை தாண்டும், கிளப் துப்பாக்கில கொஞ்ச நாள் ஓட்டிட்டு அப்புறம் யோசிங்க.

இப்ப எதிர் பக்கம். எங்க அக்கா வீட்டுக்காரர் டல்லாஸ் பக்கத்துல இருக்காரு, கிரீன் கார்டு, சனி ஞாயிறு ஆனா மேட்ச் மேட்ச்னு கிளம்பிடுவாரு. நான் அங்க போனப்ப அவரு கூட போனேன். அமெரிக்கா போறவங்க ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கணும், டூரிஸ்ட் விசா, வேலை விசால போனவங்க துப்பாக்கி கைல வெச்சிருக்கவே அங்க ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு, ஏதாவது ஒரு ஸ்டேட்டோட ஹன்டிங் லைசென்ஸ் வாங்கினா விதிவிலக்கு கிடைக்கும். வேட்டைக்கு போகாட்டியும் அந்த பேப்பர் வேணும். நான் மாமா சொன்னபடி அதை வாங்கி பாக்கெட்ல வெச்சுட்டுதான் ரேஞ்சுக்குள்ள காலே வெச்சேன்.

அங்க பிராக்டிகல்ங்கற பேர்லயே மூணு கட்சி இருக்கு.

பெரிய கட்சி ஐ.பி.எஸ்.சி, 1976ல அமெரிக்காவுல மிசூரி ஸ்டேட்ல கொலம்பியாங்கற ஊர்ல ஆரம்பிச்சது, முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், அமெரிக்க கிளைக்கு பேரு யு.எஸ்.பி.எஸ்.ஏ. இதுல மார்க் போடுற விதம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. பாயிண்டை டைமால வகுப்பாங்க, அதான் ஹிட் ஃபேக்டர். ஒரு ஸ்டேஜ்ல, அதாவது மேட்ச்ல ஒரு சுத்துல, எட்டு பேப்பர் டார்கெட், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு குண்டு, மொத்தம் 16ன்னு வெச்சுக்குங்க. நடு ஏரியா ஏ, 5 பாயிண்ட். அதுக்கு வெளிய இருக்க சி பட்டா 9 எம்எம்காரனுக்கு 3, இன்னும் வெளிய டி பட்டா 1. நிதானமா நின்னு 16ம் ஏல போட்டா 80 பாயிண்ட், 25 செகண்ட் ஆச்சுன்னா 3.2. இன்னொருத்தன் வேகமா ஓடி 11 ஏ, 5 சி, 70 பாயிண்ட்தான், ஆனா 14 செகண்ட்ல முடிச்சிட்டான், அவனுக்கு 5. அவன்தான் ஜெயிப்பான். அதே ஆளு அதே 14 செகண்ட்ல ரெண்டு குண்டை வெளிய விட்டு மீதி 14ம் ஏல போட்டா, ஒரு மிஸ்ஸுக்கு 10 மைனஸ், 70ல 20 போய் 50, 3.57க்கு இறங்கிடுவான். அப்பவும் நிதானக்காரனுக்கு மேலதான்! நின்னு குறி பாக்குறவனுக்கு இது அநியாயமா தோணும், ஆனா எவ்ளோ வேகம் போனா எவ்ளோ நஷ்டம்னு மண்டைக்குள்ள கணக்கு ஓடிட்டே சுடணும் பாருங்க, அந்த போதை ஏர் பிஸ்டல்ல கிடையாது.

ரெண்டாவது ஐ.டி.பி.ஏ, 1996ல வந்தது. ஐ.பி.எஸ்.சி ரேஸ் துப்பாக்கி (போட்டிக்குன்னே மாத்தி செஞ்ச துப்பாக்கி) ஆட்டமா மாறிடுச்சு, நிஜ வாழ்க்கைல இடுப்புல வெச்சுக்கற துப்பாக்கியோட ஆடணும்னு பிரிஞ்சு வந்தவங்க. இங்க வகுத்தல் இல்ல, கூட்டல்தான், எடுத்த டைம் கூட விட்ட பாயிண்ட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு செகண்ட் ஏத்துவாங்க. சட்டைக்கு மேல வெஸ்ட் போட்டு துப்பாக்கியை மறைச்சுக்கணும், மறைவுல நின்னு சுடணும், எந்த டார்கெட் முதல்லன்னு ரூல் வேற. கணக்கு புரிய ஈஸி, ரூல் புரிய கஷ்டம். புதுசா போறவன் துப்பாக்கியை பாப்பானா வெஸ்ட்டை விலக்குவானா? எனக்கு இது ஒட்டல, மாமாவுக்கும் ஒட்டல.

மூணாவது ஸ்டீல் சேலஞ்ச். 1981ல கலிஃபோர்னியால ஆரம்பிச்சது, முதல் தடவைக்கு என் ஓட்டு கண்ணை மூடிட்டு இதுக்குத்தான். ஒரு ஸ்டேஜுக்கு அஞ்சு இரும்பு பிளேட், அதுல ஒண்ணு கடைசியா அடிக்க வேண்டிய ஸ்டாப் பிளேட், அதை தட்டினதும் டைம் நின்னுடும். பெரும்பாலான ஸ்டேஜை முதல்ல இருந்து அஞ்சு தடவை சுடுவீங்க, இருக்கறதுலயே மோசமான ரன்னை தூக்கிட்டு மீதி நாலைத்தான் கூட்டுவாங்க. மிஸ்ஸுக்கு 3 செகண்ட். ஒரு ஸ்டேஜ் தவிர எங்கயும் இடம் மாறவே தேவையில்ல. முக்கியமா .22 பிஸ்டல் எடுத்தா ஹோல்ஸ்டரே வேணாம், துப்பாக்கியை கைல பிடிச்சு முன்னாடி தரைல வெச்சிருக்க கோனை பாத்து நீட்டிட்டு நிக்கணும், பீப் வந்ததும் தூக்கி அடிக்கணும். பட்டா டங்குன்னு சத்தம், படலன்னா சத்தமில்ல, மார்க் பாக்க யாரையும் எதிர்பாக்க வேணாம். .22 குண்டு விலையும் 9 எம்எம்ல பாதி கூட வராது.

இதுக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறது இல்ல. ஒலிம்பிக்ல இருக்க 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். .22 குண்டு, வரிசையா அஞ்சு டார்கெட், அஞ்சு குண்டு, முதல்ல 8 செகண்ட், அப்புறம் 6, அப்புறம் 4. கையை 45 டிகிரில கீழ தாழ்த்தி வெச்சிருந்து சிக்னல் வந்ததும் தூக்கணும். 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அந்த ஈவென்ட்தான். ஸ்டீல் சேலஞ்சோட அண்ணன்னே சொல்லலாம். ஆனா .22ன்னா லைசென்ஸ், தோட்டா கிடைக்கறது எல்லாம் தனி தலைவலி, ஏர் பிஸ்டல்ல ஸ்கோர் ஏறின பிறகுதான் அந்த பக்கம் பாக்கறது புத்திசாலித்தனம்.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் பிராக்டிகல் பத்து மடங்கு கறார். ஏர் பிஸ்டல் ரேஞ்ச்லயும் ரூல் உண்டு, ஆனா எல்லாரும் ஒரே கோட்டுல ஒரே பக்கம் பாத்து நிக்கறாங்க. பிராக்டிகல்ல லோட் பண்ண துப்பாக்கியோட ஓடுறீங்க. அதனால ரேஞ்ச் ஆபீசர் டைமரோட முதுகுக்கு பின்னாடியே வருவாரு. குழல் பின்பக்கமா திரும்புச்சா வீட்டுக்கு போ. ஓடும்போது விரல் டிரிகர் கார்டுக்குள்ள (டிரிகரை சுத்தி இருக்க வளையம்) இருக்கா, வார்னிங், இல்லன்னா வீட்டுக்கு போ. துப்பாக்கி கீழ விழுந்துச்சா, குனிஞ்சு எடுக்காதீங்க, ஆபீசர்தான் எடுப்பாரு, நீங்க வீட்டுக்கு போகணும். சேஃப்டி ஏரியான்னு ஒரு மூலை இருக்கும், அங்க துப்பாக்கியை தொடலாம் தோட்டாவை தொடக்கூடாது, டம்மி தோட்டா கூட கூடாது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மாமா ஒண்ணு சொன்னாரு, "மாப்ள, நீ எவ்ளோ ஸ்பீடுன்னு இங்க ஒருத்தனும் பாக்க மாட்டான், உன் விரல் எங்க இருக்குன்னுதான் பாப்பானுங்க." அதான் நடந்துச்சு. ஆபீசர் கண்ணு என் டார்கெட் பக்கமே போகல.

ஏர் பிஸ்டல் பழகினதுக்கு லாபம் அங்கதான் தெரிஞ்சுது. துப்பாக்கி மேல இருக்க சைட்டை (குறி பாக்கற முள்) பாத்து டிரிகரை மெதுவா நேரா இழுக்கற பழக்கம் இருந்ததால பிளேட்டுல டங்குன்னு சத்தம் வர ஆரம்பிச்சுது, என் ஸ்குவாட்ல (கூட சேந்து சுடுற குரூப்) பல வருஷமா துப்பாக்கி வெச்சிருக்கவங்களே டிரிகரை வெடுக்குன்னு இழுத்து பிளேட்டுக்கு கீழ மண்ணை கிளப்பிட்டு இருந்தாங்க. ஆனா ரெண்டு கையால பிடிக்கறது, பார்வையை ஒரு பிளேட்டுல இருந்து அடுத்ததுக்கு துப்பாக்கிக்கு முன்னாடியே நகத்துறது, ரீலோட், இது எதையும் ஏர் பிஸ்டல் சொல்லிக் குடுக்காது. இன்னொண்ணும் சொல்லணும், பத்து பாயிண்ட் வட்டம் இல்லாம திருப்தி பட மாட்டேங்குது கை. பெரிய பிளேட்டை பாத்துட்டும் நடு சென்டரை தேடிட்டு நிக்கும், அங்க செகண்ட் போகுது.

ஆக நம்ம ஏரியால இருந்து கிளம்புறவங்களுக்கு என் வரிசை இதுதான்: எழும்பூர்ல ஏர் பிஸ்டல், மனசு ஒட்டினா 25 மீட்டர், வெளிநாட்டுல சொந்தக்காரங்களோ வேலையோ இருந்தா அங்க ஸ்டீல் சேலஞ்ச், அதுக்கப்புறம்தான் ஐ.பி.எஸ்.சி. பாங்காக், பட்டாயா டூர்ல காசு கட்டி பத்து குண்டு சுடுற இடத்தை இதுல சேக்காதீங்க, அங்க பக்கத்துல ஒருத்தர் உங்க கையை பிடிச்சுட்டே நிப்பாரு, போட்டோ நல்லா வரும், அவ்ளோதான். 2022ல ஐ.பி.எஸ்.சி உலகப் போட்டியே பட்டாயாலதான் நடந்துச்சு, அந்த ஊர்ல நிஜ மேட்ச் ஆளுங்களும் இருக்காங்க, தேடுறதா இருந்தா அவங்க கிளப்பை தேடுங்க.

மேட்சுக்கு போறவங்க கண்ணாடியும் காது மஃப்பும் சொந்தமா கொண்டு போங்க, மூடின ஷூ, முன்பக்கம் நீட்டின தொப்பி, கழுத்து வரைக்கும் மூடின டீ ஷர்ட், சூடான காலி தோட்டா காலருக்குள்ள விழுந்தா ஆடுவீங்க. சுட்டு முடிச்சதும் போய் சேர்ல உக்காராதீங்க, ஸ்குவாட்ல எல்லாரும் பேப்பர் டார்கெட்ல டேப் ஒட்டுவாங்க, பிளேட்டுக்கு பெயின்ட் அடிப்பாங்க, நீங்களும் கை குடுக்கணும், அந்த வேலையை செய்யாதவனை யாரும் அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க.