டிஹியூமிடிஃபயர் காட்டும் 55

கொலன்னாவையில் இருக்கும் நண்பர் போன கிழமை ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைக்கு இரவில் இருமல் நிற்கவில்லை, சுவரெல்லாம் பூஞ்சணம். முதலில் வீட்டை டெஸ்ட் பண்ணுவதா, டொக்டரிடம் போவதா, இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இருப்பதுபோல, காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் ஒரு டிஹியூமிடிஃபயர் வாங்குவதா என்று. எங்கள் மெஷின் திருத்த வேலைக்குப் போய்த் திரும்பி வந்ததும் அதே கிழமைதான். வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன். லீற்றர், எடை, வொட்ஸ் கணக்கெல்லாம் கடைக்காரரே சொல்வார், அதை விடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு பழைய தொடர்மாடியில். அம்மாவின் அறை பின்பக்கம். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை அந்த அறையில் எதுவும் காயாது. மடித்து வைத்த சேலையில் மக்கல் மணம், தோல் செருப்பில் பச்சைப் படலம், அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். விடியப்புறத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டு எழும்பும். எழும்பிக் கதிரையில் குந்தினால் வெளிச்சம் வரும்வரை அப்படியே இருப்பார். மெஷின் வந்த முதல் இரவே அதன் தாங்கி நிரம்பிவிட்டது. இவ்வளவு தண்ணீரும் அம்மா படுக்கும் அறையின் காற்றிலா இருந்தது என்று எனக்குப் பயமே வந்தது. சில கிழமைகளில் சேலை மணம் போனது. ஊதிப்போய் இறுகிக் கிடந்த அலுமாரிக் கதவு லேசாக மூடியது. அம்மா இரவில் எழும்புவதும் குறைந்தது. டொக்டர் வாயால் இழுக்கக் கொடுத்த மருந்துப் பம்புக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் மெஷினின் பங்கை நான் மறுக்கமாட்டேன்.

அப்புறம்தான் அந்த 55.

மெஷினின் முகப்பில் அறையின் ஈரப்பதன் பச்சை எழுத்தில் தெரியும். 55 என்று செட் பண்ணினால் அந்த அளவு வரும்வரை ஓடித் தானாக நிற்கும். வீட்டுக்குள் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையில் இருப்பது நல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்கிறது. கொழும்புக் காற்றை 50க்குக் கீழே இறக்குவது லேசான வேலை இல்லை. 55 நியாயமான இலக்கு என்று நினைத்தேன். மெஷினும் 55 காட்டி ஒழுங்காக நின்றது. ஆனால் அது நின்று கிடந்த நாட்களில் அலுமாரிக்குள் மணம் மெல்லத் திரும்பியது.

புறக்கோட்டையில் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கினேன். அதையும் அப்படியே நம்பவில்லை. போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் களிபோல இருக்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடினேன். அப்படி மூடிய உப்புக் களிக்கு மேலே இருக்கும் காற்று எங்கள் ஊர்ச் சூட்டில் 75 வீதத்தில் நிற்கும். அது இயற்கையின் கணக்கு, கொம்பனிக்குக் கொம்பனி மாறாது. மறுநாள் ஈரமானி 77 காட்டியது. சரி, இரண்டைக் கழித்துக்கொண்டால் போதும். அதை அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். மெஷின் 55 என்று சொல்லி நின்ற நேரத்தில், இரண்டைக் கழித்த பிறகும், தலையணையடியில் 66. அலுமாரிக்குப் பின்னால் 70க்கு மேல்.

பதினொரு வீதம் சின்ன விஷயம் இல்லை. 55இல் பூஞ்சணத்துக்கு வளர்வது கஷ்டம். சுவரோரம் 70க்கு மேல் ஏறினால் அதற்கு வசதி. மெஷின் நின்றுவிட்டது, அறை காய்ந்துவிட்டது என்று நம்பி நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படுக்க, அம்மா அந்தக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

காரணம் புரியாத ஒன்றும் இல்லை. சென்சர் இருப்பது மெஷினின் உடம்புக்குள். கம்பிரசர் சூடாக ஓடுகிறது, காற்று சூடானால் அதன் ஈரப்பத வீதம் இறங்கும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால், தான் விட்ட சூடான காய்ந்த காற்றைத் தானே திரும்ப இழுத்து, அறை முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். மெஷினை அறையின் நடுவுக்கு இழுத்து வைத்தேன். வித்தியாசம் குறைந்தது, போகவில்லை.

இதைச் சொல்லித்தான் திருத்தக் கொடுத்தேன். உப்பு டப்பாவையும் கையோடு கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த தம்பி அதைத் திறந்தும் பார்க்கவில்லை. ஃபில்டரைக் கழுவி, "சென்சர் ஓகே" என்று சீட்டில் எழுதி, காசை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மறுபடியும் 55. ஈரமானியில் 65.

நண்பர் கேட்ட டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாள் அம்மாவில் உள்ள அக்கறையில் ஒரு பூஞ்சணச் சோதனைப் பெட்டி அனுப்பிவைத்தார். வட்டத் தட்டுகளைத் திறந்து வைத்து, மூடி, சில நாள் விட வேண்டும். அம்மாவின் அறையில் வைத்த தட்டில் பச்சையும் கறுப்புமாக முளைத்தது. பல்கனியில் வைத்த தட்டிலும் அதே அளவுக்கு முளைத்தது. முளைக்கத்தான் செய்யும், பூஞ்சண வித்து இல்லாத காற்று எங்கேயும் கிடையாது. இவ்வளவுக்கு மேல் இருந்தால் வருத்தம் வரும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஓர் எல்லையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஈரமும் பூஞ்சணமும் பற்றி 2009இல் வெளியிட்ட வழிகாட்டியே அப்படி ஓர் எண்ணைச் சொல்ல முடியாது, ஈரத்தை நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறது. சுவரில் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே தேவையில்லை என்பது அந்த அமெரிக்க முகவரகத்தின் நிலைப்பாடு. ஆகவே டெஸ்டுக்கு வைத்திருக்கும் காசை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கும் உப்பில் சரிபார்த்த ஈரமானியும் போதும்.

மச்சாள் சிறுநீரில் பூஞ்சண நச்சுப் பார்க்கும் டெஸ்டையும் சொன்னார். அங்கே அதை விற்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட டெஸ்டுகளுக்கு அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) அங்கீகாரம் இல்லை என்று அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2015இல் எழுதியிருக்கிறது. அம்மாவை அதற்குள் இழுக்க நான் விரும்பவில்லை.

டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அதிலும் பிள்ளையின் இருமல் என்றால். அம்மாவை முதலில் பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தடிமன் என்றுதான் குளிசை தந்தார்கள். பிறகு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் பார்த்த சுவாச நோய் மருத்துவர்தான், "நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்? ஊருக்குப் போனால் குறைகிறதா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் நின்றால் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். அதைச் சொன்னதும் அவர் பேனையை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். குழாயில் ஊதச் சொன்னார்கள், மருந்து இழுத்த பிறகு திரும்ப ஊதச் சொன்னார்கள், மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். அடுத்தது கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜிச் சோதனை. அதற்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜிக் குளிசையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்பதை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தாவிட்டால் அலர்ஜி இருந்தாலும் கையில் தடிக்காமல் போகலாம். அம்மாவுக்குத் தூசிப் பூச்சிக்கு நன்றாகத் தடித்தது, பூஞ்சணத்துக்குக் கொஞ்சம். தூசிப் பூச்சியும் ஈரக் காற்றில்தான் பெருகும். ஆகவே அறையைக் காய வைத்தால் இரண்டுக்கும் மருந்து.

இன்னொன்று, இந்த மெஷின் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் வரும் வழி அடைபடாவிட்டால் பிரயோசனம் இல்லை. சுவரில் ஓர் அலுமினியத் தாளை நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்குச் சுவர்ப் பக்கம்தான் நனைந்தது. மேல்மாடிக் குளியலறைக் குழாயில் கசிவு. மேல்வீட்டு ஐயா நல்ல மனிதர், மேசன் பாஸைக் கூப்பிட்டு, டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றித் தந்தார். புள்ளிகளை மாஸ்க் போட்டுக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் பெயின்ற் அடித்தோம். பூஞ்சணத்துக்கு மேலேயே பெயின்ற் அடித்தால் அது உரிந்து விழும்.

கொலன்னாவையில் 2016 மே வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நனைந்த சாமான் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். வெள்ளம் ஊறிய மெத்தையை எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

கரண்ட் பில்லையும் சொல்ல வேண்டும். ஓர் இரவுக்கு இரண்டு, மூன்று யூனிட் போகும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படிக் கட்டணம். 2022, 2023 கட்டண உயர்வுகளை அனுபவித்த வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை. இப்போது அந்த 55ஐ நம்பாமல் மெஷினை நிற்காத மோடில் போட்டு, ஈரமானி 58க்கு வந்ததும் நாங்களே எழும்பி நிறுத்துகிறோம். சில இரவுகளில் அம்மாவே எழும்பி நிறுத்துகிறார். தூங்க வேண்டும் என்பதற்காக வாங்கிய சாமானுக்காக அவர் எழும்புகிறார்.

ஆகவே, அம்மாவின் மூச்சுக்கு உதவியது, சேலையைக் காப்பாற்றியது, இன்று இரவும் அது ஓடும். ஆனாலும் இந்த மெஷினை யாரும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். டிஹியூமிடிஃபயர் வேண்டுமென்றால் வேறு ஒன்றைப் பாருங்கள். உப்பில் சரிபார்த்த ஈரமானியைக் கடைக்குக் கொண்டுபோய், மெஷினை அரை மணித்தியாலமாவது ஓட விட்டு, இரண்டு மீற்றர் தள்ளி வைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். ஓட விடமாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம்.