கோடை விடுமுறைக்குக் களிமண்ணா, ஸ்டார்ச் வண்ணமா, கடை மணலா?

முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் கைக்கு வேலை கொடுக்க நினைப்பவர்களுக்குச் சேலத்தில் மூன்று வழிகள் எளிதாகக் கிடைக்கும். குயவரிடம் வாங்கும் களிமண், வீட்டிலேயே காய்ச்சும் ஸ்டார்ச் விரல் வண்ணம், பொம்மைக் கடையில் விற்கும் ஒட்டு மணலும் ஸ்லைம் என்ற வழவழப் பசையும். எங்கள் வீட்டில் களிமண்தான் நிலைத்தது, அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கடைச் சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட நன்றாக இருக்கும், வீடும் அவ்வளவாக அழுக்காகாது. ஆனால் கையால் செய்தது எதுவும் மிஞ்சாது. ஸ்லைம் வெயிலில் காய்ந்தால் குப்பைதான்.

ஸ்டார்ச் நம்ம ஊர்ச் சரக்கு. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் எடுக்கும் சேகோ ஃபேக்டரிகள் சூழ்ந்த ஊரில் மரவள்ளி மாவுக்கு அலைய வேண்டியதில்லை. மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடிப் பசையாக வரும். ஆறியதும் மஞ்சளோ பீட்ரூட் சாறோ கலந்தால் வழவழப்பான வண்ணம் தயார். காய்ச்சாமல் இரண்டு பங்கு மாவுக்குச் சுமார் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் அது வேறு விளையாட்டு: குத்தினால் இறுகும், விட்டால் வழியும். பிள்ளைகள் இதை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் காய்ச்சிய பசை ஏப்ரல், மே மாத வெயிலில் மறுநாளே புளித்துவிடும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவந்து நிற்கும். மிஞ்சிய மாவுக் கரைசலைச் சிங்க்கில் ஊற்றினால் அடியில் படிந்து குழாய் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காய்ச்ச வேண்டியிருப்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

என் முடிவைத் தீர்மானித்ததும் இந்த மறுநாள் கணக்குதான். விடுமுறை நீளமானது; முதல் நாள் எல்லாமே நன்றாக இருக்கும். களிமண் மட்டும் திரும்பத் திரும்ப உயிர் பெறும். சுடாத களிமண் பொம்மை உடைந்தாலும் பிடிக்காமல் போனாலும் வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், நன்றாகக் காய்ந்த துண்டுதான் சீக்கிரம் கரையும். மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைப் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் பிசைந்து பாலித்தீன் பைக்குள் ஈரத்துணி சுற்றி வைத்தால் போதும். வாங்கிய ஒரே மண் விடுமுறை முழுக்க வரும். இந்தப் பிசையும் வேலையையும் பிள்ளைகளிடமே விடுங்கள், அதில்தான் கைக்கு முழுச் சுகம்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியதும் உண்டு. செய்த பொருளை வெயிலில் வைத்தால் ஒருபக்கம் இறுகி வெடிக்கும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும். தரையில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி மூச்சுக்கு நல்லதில்லை, ஈரத்துணியால் துடைப்பதே சரி. கை கழுவும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், சாக்கடைக்குழாய் தப்பிக்கும்.

நான் பார்த்தது ஏழிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளை. அதைவிடப் பெரியவர்களை இது எவ்வளவு நாள் பிடித்துவைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஈர மண் கையில் ஒட்டுவதே பிடிக்காத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு வண்ணம் ஏற்றிக் காயவைத்த ஜவ்வரிசியைத் தரலாம்.

ஏற்காடு போகும் திட்டம் இருந்தால் காப்பித் தோட்டப் பக்கம் உதிர்ந்து கிடக்கும், நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைகளைப் பொறுக்கி வாருங்கள். களிமண்ணைத் தட்டையாக்கி, இலையின் நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பூரிக்கட்டையால் ஒருமுறை உருட்டினால் பள்ளமும் கோடுமாக அச்சு விழும். சருகு நொறுங்கும் என்பதால் புதிதாக விழுந்த இலையாகப் பார்த்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவது நல்லது.