குப்பைக் கட்டணம்: வீட்டுக்கா, எடைக்கா, பைக்கா?

குப்பைக்குக் கட்டணம் வாங்கினால் வீடுகளில் குப்பை குறையுமா என்ற கேள்விக்கு, அந்தக் கட்டணத்தை எப்படி வாங்கப் போகிறோம் என்பதைச் சொல்லாமல் விடை காண முடியாது. வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையாக வாங்கலாம், எடைபோட்டு வாங்கலாம், அல்லது குப்பை கட்டும் பைக்கு முன்கூட்டியே விலை வைத்து வாங்கலாம். சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், குப்பை எடுத்துச் செல்லும் தனியார் நிறுவனம் தன் கட்டணத்தை உயர்த்தியபோது, சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றையும் வைத்து வாதிட்டு, கடைசியில் பை முறையைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு ஆதரவாக வாக்களித்தவன் என்ற முறையில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலையான கட்டணத்தைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குப் பயனாளர் கட்டணம் வாங்க அதிகாரம் தந்தன. சென்னையில் 2021 ஜனவரி முதல் அப்படி வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தார்கள். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் கட்டடத்தின் பரப்பளவைப் பொறுத்து மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கிறார்கள். இதனால் வண்டிக்கும் ஆளுக்கும் பணம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நாளொன்றுக்கு ஒரு பை போடுகிற வீடும் மூன்று பை போடுகிற வீடும் ஒரே தொகையைக் கட்டும்போது, இரண்டாவது வீடு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் ஏதும் இல்லை.

எடை முறை கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றுகிறது. எங்கள் கூட்டத்திலும் அதற்குத்தான் முதலில் ஆதரவு அதிகம் இருந்தது. தென் கொரியாவின் அடுக்குமாடிகளில் உணவுக் கழிவுக்கு இந்த முறை நன்றாகவே நடக்கிறது: அடையாள அட்டையைக் காட்டினால் தொட்டியின் மூடி திறக்கும், கொட்டியது எடைபோடப்படும், தொகை அந்த வீட்டின் கணக்கில் ஏறும். பை முறையைவிட எடை முறை மேல் என்று சொல்வதற்கு வலுவான சான்றும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரம் 1992இல் ஒரு பைக்கு 80 சென்ட் என்று கட்டணம் வைத்தபோது, ஃபுல்லர்ட்டன், கின்னமன் என்ற இரு பொருளியலாளர்கள் 75 வீடுகளின் குப்பையைக் கட்டணத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். கொள்ளளவில் குப்பை 37 விழுக்காடு குறைந்திருந்தது. எடையில் குறைந்ததோ 14 விழுக்காடுதான். பைக்குப் பணம் என்றதும் மக்கள் அதே குப்பையைப் பெருமளவு அமுக்கித் திணித்திருக்கிறார்கள். பை முறையை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணை மறைக்கக் கூடாது.

அப்படியிருந்தும் நான் எடை முறைக்கு எதிராக வாக்களித்ததற்குச் சிறியதொரு காரணமும் பெரியதொரு காரணமும் உண்டு. சிறியது, எடை நம் ஊர்க் குப்பையைச் சரியாகத் தண்டிப்பதில்லை என்பது. இளநீர்க் கூடும் வாழைத்தண்டின் பட்டையும் தர்பூசணித் தோலும் கனமானவை, ஆனால் உரமாகிவிடும். ஹோட்டல் பார்சலில் வரும் டப்பாக்களும் உறைகளும் எடையே இல்லாதவை, ஆனால் அவைதான் குப்பைமேட்டில் காலமெல்லாம் கிடப்பவை.

பெரிய காரணம் வசூல். குடியிருப்புச் சங்கம் எதிலாவது பொறுப்பில் இருந்தவர்களுக்கு, கட்டணத்தை நிர்ணயிப்பதைவிட அதை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது தெரியும். எடை முறையில் தினமும் காலையில் குப்பை அறையில் ஒருவர் தராசருகே நின்று, ஒவ்வொரு பையையும் எடைபோட்டு, வீட்டு எண்ணோடு நோட்டில் குறிக்க வேண்டும்; மாத இறுதியில் கூட்டிப் பில் போட வேண்டும்; பிறகு நிலுவை வைத்தவர்களின் கதவைத் தட்ட வேண்டும். ‘அது என் வீட்டுப் பையே இல்லை’ என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், பதில் சொல்லும் சுமை, அந்த வளாகத்திலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் தூய்மைப் பணியாளர் மேல் விழும். தானியங்கி இயந்திரம் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அதன் விலையும் பராமரிப்பும் எங்களைப் போன்ற நடுத்தரக் குடியிருப்புக்குக் கட்டுப்படியாகாது. நிலையான கட்டணத்திலும் நிலுவைப் பட்டியல் இருக்கவே செய்கிறது.

பை முறையில் மட்டும் பில் இல்லை, நிலுவை இல்லை. பையை வாங்கும்போதே பணம் வந்துவிடுகிறது. செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதுபோல, பயன்படுத்துகிறவர் தன் தேவையை அறிந்து முன்பே கட்டிவிடுகிறார். யார் வீட்டுப் பை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்பதால், பல வீடுகள் ஒரே தொட்டியைப் பயன்படுத்தும் இடத்துக்கும் இது பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் கேலன் நகரம் 1975லேயே இதைத் தொடங்கியது. சூரிச் 1993இல் பின்தொடர்ந்தது. தென் கொரியா 1995 ஜனவரியில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. என்னை முடிவாக நம்பவைத்தது தைவானின் தலைநகரான தைபே. அங்கே 2000 ஜூலை வரை குப்பைக் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்ந்தே வந்தது. தண்ணீரை மிச்சப்படுத்தியவருக்குத்தான் அது குறைந்தது. அந்த முறையை விட்டு, விலை கொடுத்து வாங்கிய பையில் கட்டிய குப்பையை மட்டுமே வண்டி ஏற்கும் என்று மாற்றிய பத்தாண்டுகளில், அந்நகரின் வீட்டுக் குப்பை பாதிக்கும் கீழே இறங்கியது. மறுசுழற்சிப் பொருள்களைக் கட்டணமின்றித் தனியே எடுத்துக்கொண்டதும், பின்னர் உணவுக் கழிவுக்குத் தனி ஏற்பாடு செய்ததும் இதற்குத் துணைநின்றன. பையின் விலை மட்டுமே இவ்வளவையும் செய்தது என்று நான் வாதிட மாட்டேன்.

குப்பை கட்டுவதற்கென்றே புதிதாகப் பிளாஸ்டிக் பை அச்சடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பல ஊர்களில் பைக்குப் பதிலாகக் கட்டண ஸ்டிக்கர் விற்கிறார்கள்; அதை எடுத்துக்கொண்டோம். எல்லார் வீட்டிலும் கிடக்கும் பத்துக் கிலோ அரிசிப் பைதான் எங்கள் அளவு. பையின் வாயைச் சுருட்டிச் சணலால் கட்டி, அந்த முடிச்சின் மேல் பத்து ரூபாய் ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்ட வேண்டும். முடிச்சை அவிழ்த்தால் ஸ்டிக்கர் கிழிந்துவிடும் என்பதால் ஒன்றையே மறுபடி ஒட்ட முடியாது. வாசலில் உள்ள மளிகைக் கடையில் ஸ்டிக்கர் கிடைக்கும். மக்கும் குப்பைக்குக் கட்டணம் இல்லை. அதைப் பச்சைத் தொட்டியில் பையின்றிக் கொட்டலாம். பேப்பரும் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் வழக்கம்போல் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. சிப்ஸ் பாக்கெட், பிய்ந்த செருப்பு, எண்ணெய் படிந்த பார்சல் டப்பா என்று எதற்கும் ஆகாமல் எஞ்சுவதற்குத்தான் ஸ்டிக்கர். கைக்குழந்தையோ படுத்த படுக்கையான முதியவரோ உள்ள வீடுகளுக்கு, டயப்பரை எண்ணி, மாதந்தோறும் சில ஸ்டிக்கர்களை இலவசமாகத் தருகிறோம். ஸ்டிக்கர் இல்லாத பையைத் தூய்மைப் பணியாளர் தடுக்கவோ திருப்பி அனுப்பவோ கூடாது. ஓரமாக வைத்தால் போதும், மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எழுத்திலேயே வைத்திருக்கிறோம். நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி இன்னமும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகிறது; முழுவதையும் ஸ்டிக்கரில் ஏற்றினால் விலை தாங்காது.

இது தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. கலப்புக் குப்பை வைக்கும் தொட்டிகள் முன்போல நிரம்பி வழிவதில்லை என்பதைக் கண்ணால் காண்கிறோம். அதில் எவ்வளவு உண்மையிலேயே குறைந்தது, எவ்வளவு அமுக்கித் திணிக்கப்பட்டது, எவ்வளவு வெளியே தெருத் தொட்டிக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை. சார்லட்ஸ்வில் ஆய்வே, அங்கே குறைந்த குப்பையில் 28 விழுக்காடு வரை கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஒரே வாசலும் காவலரும் உள்ள வளாகத்தில் அந்த ஆபத்து குறைவு. காலி மனைகள் நிறைந்த தனி வீட்டுத் தெருவில் அது மிக அதிகம்.

ஆகவே ஊர் முழுவதும் நாளைக்கே பை முறை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஹாங்காங் 2021இல் இதற்குச் சட்டமே இயற்றி, தொடங்கும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்து, சில கட்டடங்களில் சோதித்துப் பார்த்த பின் 2024 மே மாதம் திட்டத்தையே ஒதுக்கி வைத்தது. மறுசுழற்சி வசதி போதவில்லை, துப்புரவுப் பணியாளர்களின் சுமை கூடும் என்பவை அங்கே எழுந்த முக்கியமான குறைகள். நம் நகரங்களிலும் மக்கும் குப்பையைத் தனியே வாங்கும் வண்டி தவறாமல் வரும் பகுதிகளில், அதிலும் அடுக்குமாடிகளில், இதை முதலில் செய்து பார்க்கலாம். தனி வீட்டுத் தெருக்களில் அந்த வண்டி ஒழுங்காக வரத் தொடங்கும் வரை, குப்பையைக் குறைக்காது என்று தெரிந்தே நிலையான கட்டணத்தோடு இருப்பதுதான் சரி.