பெண்ணை வழியனுப்பும் நேரத்தில் ஏர் ஹார்னா, நாதஸ்வரமா, குலவையா?

தாலி ஏறும் நொடியில் கெட்டிமேளம் முழங்குவதற்கு நம் பெரியவர்கள் சொல்லும் காரணம் எளியது. அந்த நேரத்தில் யாரேனும் தும்மினாலோ, அபசகுனமான ஒரு சொல் வாய்தவறி வந்துவிட்டாலோ, அது மணமக்களின் காதில் விழக் கூடாது என்பதுதான் அது. அங்கே சத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் தவில்காரர் கையை அடக்கிக்கொள்கிறார். ஆனால் அதே திருமணத்தின் கடைசிக் கட்டத்தில், பெண்ணைக் காரில் ஏற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது, இன்ன சத்தம்தான் எழ வேண்டும் என்ற வரையறை பெரும்பாலான வீடுகளில் இல்லை. முகூர்த்தத்துக்கு மட்டும் பேசி அழைத்த நாதஸ்வரக் குழு, பந்தி முடியும் முன்பே கருவிகளை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பியிருக்கும். அவர்கள் விட்டுப்போன அந்த இடத்தில்தான் மாப்பிள்ளையின் நண்பர்கள் வாங்கிவரும் ஏர் ஹார்ன்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

சென்ற வைகாசியில் என் சித்தப்பா மகளின் திருமணத்தில் இதை அருகில் நின்று பார்த்தேன். ஆரத்தி எடுத்து முடித்து, பெண் காரில் உட்கார்ந்த பிறகு, சித்தப்பா ஜன்னல் பக்கம் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். சரியாக அந்த நேரத்தில் காரின் இருபுறமும் நின்ற இளைஞர்கள் மூன்று கேன்களை ஒன்றாக அழுத்தினார்கள். அவள் புரியவில்லை என்று தலையசைத்தாள், அவர் மறுபடி சொன்னார், மறுபடியும் கேட்கவில்லை. கடைசியில் அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிட்டார், கார் நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆச்சி, காது கேட்கும் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை சித்தப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடும்மா என்றுதான் சொன்னேன்" என்றார்.

அந்த இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தங்கள் நண்பனின் மகிழ்ச்சியை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அதை எந்தக் கருவியால் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும்; ஆகவே இப்போது புழக்கத்தில் உள்ளவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கேஸ் கேன் ஹார்ன். அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்ட வாயு, பொத்தானை அழுத்தியதும் ஒரு மெல்லிய சவ்வின் மீது பாய்ந்து அதை அதிரவைக்க, அந்த அதிர்வைக் கூம்பு வடிவக் குழல் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 110 முதல் 120 டெசிபல் வரை சத்தம் எழுகிறது. தொடர்ந்து அழுத்தினால் திரவம் ஆவியாவதால் கேன் சில்லிட்டுப்போய், உள்ளழுத்தம் குறைந்து, குரலும் இறங்கிவிடும். அன்றைக்கு ஒரு பையன் விரல் மரத்துப்போய்ச் சட்டை நுனியால் கேனைப் பிடித்திருந்ததை நானே பார்த்தேன். தலைகீழாகப் பிடித்தால் திரவமே வெளியே சீறி, அதன் கடுங்குளிர் தோலைப் புண்ணாக்கும். இதைவிடப் பெரிய அபாயம், சில கேன்களில் அடைக்கப்படுவது புரோப்பேன், பியூட்டேன் போன்ற எளிதில் தீப்பற்றும் வாயு என்பது. நம் வழியனுப்புதலில் காருக்கு முன்னால் ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிகிறது, திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் மீதும் கற்பூரம் எரிகிறது. அதற்கு இரண்டடி தள்ளி இந்தக் கேனை அழுத்துவது விளையாட்டல்ல. தீப்பற்றாத வகை என்று விற்கப்படும் கேன்கள் பலவற்றில் இருப்பது குளிர்சாதனங்களில் பயன்படும் ஆர்-134ஏ என்ற வாயு. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு வலியது. ஒரு கேனில் 200 கிராம் இருந்தால், அது காலியாகும்போது ஏறக்குறைய 280 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம்.

கையால் காற்றடிக்கும் பம்ப் ஹார்ன் அதே அளவு சத்தம் போடக்கூடியது என்றாலும், எனக்கு அது கேனைவிட ஏற்புடையதாகத் தெரிகிறது. சைக்கிள் பம்பினால் காற்றடித்துக்கொள்வதால் வாயுத் தொல்லை இல்லை, தீப்பிடிக்கும் பயம் இல்லை. அதைவிட முக்கியமாக, சில ஊதலுக்குப் பிறகு காற்று தீர்ந்து தானே நின்றுவிடுகிறது. மறுபடி ஊத வேண்டுமென்றால் குனிந்து பம்ப் அடிக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு தகப்பன் தன் மகளிடம் ஒரு வாக்கியம் பேசிவிடலாம்.

டிரில் மெஷினின் 18 வோல்ட் பேட்டரியைச் செருகி இயக்கும் டிரெயின் ஹார்ன்தான் இப்போது பரவிவரும் மூன்றாவது வகை. இரண்டு முதல் நான்கு குழல்கள், ஒரு சிறு கம்ப்ரஸர், துப்பாக்கிபோல் ஒரு விசை, இவ்வளவுதான் அதன் அமைப்பு. இணைய விற்பனையில் 150 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு தொலைவில் அளந்தது என்று போட மாட்டார்கள். தொலைவைச் சொல்லாத டெசிபல் கணக்கு, எடையைச் சொல்லாத நகை விலையைப் போன்றது. அமெரிக்காவில் உண்மையான ரயில் எஞ்சினின் ஹார்ன், முன்புறம் 100 அடி தொலைவில் 96 முதல் 110 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பல டன் எடையுள்ள வண்டி, தண்டவாளத்தில் நிற்பவரை உயிர் தப்ப ஓடவைப்பதற்காக எழுப்பும் ஒலி அது. கேட்டவுடன் உடம்பு பதறி விலக வேண்டும் என்பதே அதன் நோக்கம். வாழ்த்தி அனுப்ப நிற்கும் கூட்டத்தின் நடுவில் அதை எழுப்பினால், முன்னால் நிற்கும் குழந்தைகளும் பாட்டிகளும் பதறி விலகத்தான் செய்வார்கள்.

மலிவான நான்காவது வழி, திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பீப்பி. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் தென்னாப்பிரிக்காவின் வுவுசேலா உலகறிந்த பிறகு, அதன் சாயலில் செய்த நீளமான பீப்பிகள் நம் ஊர்த் திருவிழாக்களையும் பிடித்துக்கொண்டன. அதே ஆண்டில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் வுவுசேலாவைத் தடை செய்தது. ரசிகர்களின் பாட்டையும் ஆரவாரத்தையும் அது அமுக்கிவிடுகிறது என்பது அவர்கள் கவலை. கல்யாணத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஒருவர் ஊதினால் இருபது பேரின் குரல் காணாமல் போகிறது.

காதுக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரு மீட்டரில் 120 டெசிபலாக இருப்பது பத்து மீட்டரில் 100 டெசிபலாக இறங்கும். மண்டபத்தின் போர்ட்டிகோவுக்குள், மூன்று பக்கச் சுவரும் மேலே கான்கிரீட் கூரையும் இருக்கும் இடத்தில், இந்தக் குறைவை எதிர்பார்க்க முடியாது. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கு அதுவும் தெரியாது.

இந்தப் பக்கம் நம்முடைய கருவிகளை வைத்துப் பார்க்கலாம். கையில் ஏந்தி உரக்க ஊதும் குழல் நமக்கு ஒன்றும் புதிதல்ல. வளைந்த கொம்பும், நீண்டு நேரான எக்காளமும் கோயில் ஊர்வலங்களில் சாமிக்கு முன்னால் சென்றவைதான். இன்றும் சில ஊர்களில் திருமணத்துக்குக் கொம்பு ஊதுபவர்களை அழைக்கிறார்கள். ஹார்னைப்போலவே தூரத்துக்கு எட்டும் ஒலி என்றாலும், மனித மூச்சில் பிறப்பதால் அது மெல்லத் தொடங்கி, ஏறி, தழைந்து அடங்குகிறது. ஊதுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் நமக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. ஹார்ன்தான் வேண்டும் என்று நிற்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு கொம்புக்காரரை அழைத்துப் பாருங்கள் என்பதே.

நாதஸ்வரமும் மெல்லிய கருவி அல்ல. திறந்த வீதிக்காகவும் கோயில் பிராகாரத்துக்காகவும் உருவான மங்கல வாத்தியம் அது. ஆச்சா மரத்தில் கடைந்த குழலும், நாணல் சீவாளியும் சேர்ந்து எழுப்பும் நாதத்துக்கு மைக் தேவையே இல்லை. தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்தக் கைவினைக்கு நாம் செய்யும் உதவி, வாசிக்கச் சந்தர்ப்பம் தருவதுதான். குளிரூட்டிய அரங்குக்குள் இரண்டு மைக் வைத்து வாசிக்கச் செய்தால் நாதஸ்வரமும் தவிலும் காதைப் பதம் பார்க்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏற்பாட்டின் குறை, மைக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நாதஸ்வரத்தின் பெரிய பலம், வாசிப்பவர் எதிரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார் என்பது. பெண் அம்மாவின் தோளில் சாய்ந்தால் தவில் தணிகிறது. கார் நகரத் தொடங்கினால் மத்தியமாவதி ராகத்தில் மங்களம் எழுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரே சுரத்தில் அலறும் கேனுக்கு இந்தப் பார்வை கிடையாது.

தென்மாவட்டப் பெண்கள் போடும் குலவையைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள். நாற்று நடவிலும் அம்மன் கோயில் பொங்கலிலும் எழும் அதே குலவை, பெண் வாசல்படி தாண்டும்போதும் எழுகிறது. காசு இல்லை, கருவி இல்லை, அனுமதி வேண்டியதில்லை. பத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒன்றாகக் குலவையிட்டால் தெருக்கோடி வரை கேட்கும், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காது வலிக்காது. அனுப்புகிறவர்களின் குரலே வாழ்த்தாக மாறும் ஒலி இது ஒன்றுதான் என்பதால், எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுகிறது. என் அத்தை தலைமுறைக்கு இது இயல்பாக வரும். என் தங்கை தலைமுறையில் போடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பறை, செண்டை மேளம், பேண்டு செட் ஆகிய மூன்றும் ஆடுவதற்கான தாளம் தருபவை. மாப்பிள்ளை அழைப்புக்கு அவை மிகப் பொருத்தம். கண்ணீரும் கைகோப்புமாக இருக்கும் வழியனுப்புதலுக்குச் சற்று அதிகம். சரவெடியை யோசிக்கவே வேண்டாம். தொடர்ச்சியாக இணைத்த பட்டாசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இலேயே தடை விதித்துவிட்டது.

சட்டத்தின் பார்வையிலும் இந்த ஒப்பீடு ஹார்னுக்குச் சாதகமாக இல்லை. ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் எந்நேரமும், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும் ஹார்ன் ஒலிக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கேனுக்குப் பதிலாகக் காரிலேயே பல சுர ஹார்னைப் பொருத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி அதைத் தடை செய்கிறது. தேவையில்லாமல் தொடர்ந்து ஹார்ன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாயும் மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம். வாத்தியங்களும் வரம்புக்கு வெளியே உள்ளவை அல்ல. அமைதி மண்டலத்தில் அவற்றை வாசிப்பதும் அதே விதிகளின்படி தண்டனைக்குரியது. மண்டபம் பிடிக்கும்போதே பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்ன் வேண்டும் என்றால், ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் திறந்தவெளி மண்டபமாக இருந்தால், பம்ப் வகையில் ஒன்றே ஒன்றை, கூட்டத்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, ஆள் இல்லாத திசையில் குழலைத் திருப்பிப் பிடித்து, கார் வாசலைத் தாண்டிய பிறகு இரண்டு முறை ஊதலாம் என்பது என் கருத்து. மாடு கன்று கட்டியிருக்கும் தொழுவத்தின் பக்கம் அதுவும் வேண்டாம்.

வருகிற தை மாதத்தில் பெரியப்பா வீட்டில் ஒரு திருமணம் இருக்கிறது. நாதஸ்வரக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கப் போனபோது, முகூர்த்தம் முடிந்ததும் போய்விடாமல் பெண் கிளம்பும்வரை இருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொண்டோம். அன்று வேறு நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதால் கூடுதல் சன்மானம் பேசினோம். குழுவின் பெரியவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தகப்பன் மகளிடம் பேசும்போது மட்டும் சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலை மாத்திரம் மெல்ல ஊதிக்கொண்டிருக்கச் சொல்கிறேன் என்று, நாங்கள் கேட்காமல் அவரே சொன்னார்.