தொண்டைக்கு ஸ்பிரேயா, கையில் மயக்க ஊசியா? இரைப்பை எண்டோஸ்கோப்பிக்கு முன் ஒரு ஒப்பீட்டு அலசல்

வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்ததும் வருகிற முதல் கேள்வி, மயக்க ஊசி போட்டுக்கொள்வதா, தொண்டையை மரக்க வைக்கும் ஸ்பிரே மட்டும் போதுமா என்பது. பலர் யோசிக்காமல் ஊசிக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். ஸ்பிரே மட்டும் போதும் என்று கேட்கலாம் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. இதில் தைரியத்துக்கு வேலையில்லை. உங்கள் தொண்டை எப்படிப்பட்டது, மூச்சு எப்படி இருக்கிறது, அன்று மாலை என்ன வேலை, உடன் வர ஆள் உண்டா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எந்த வழியில் செய்தாலும் உள்ளே போகும் கருவி ஒன்றுதான். 9 முதல் 10 மி.மீ. தடிமனும் ஏறக்குறைய 1 மீட்டர் நீளமும் உள்ள, வளையக்கூடிய குழாய். நுனியில் கேமராவும் விளக்கும் இருக்கும். காற்று செலுத்தவும் நீர் பீய்ச்சவும் துளைகள் உண்டு. திசு எடுக்கும் இடுக்கி நுழைய உள்ளே தனி வழி இருக்கிறது. பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுப்பார்கள். விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப் மாட்டுவார்கள். நகச்சாயம் பூசியிருந்தால் முதல் நாளே அழித்துவிடுங்கள்.

ஸ்பிரே மட்டும் என்றால்

வழக்கமாக அடிப்பது 10% லிக்னோகெயின். ஒருமுறை அழுத்தினால் 10 மி.கி. மருந்து வரும், நல்ல கசப்பு. ஓரிரு நிமிடத்தில் தொண்டை தடித்துப்போனதுபோலவும் எச்சிலை விழுங்க முடியாததுபோலவும் இருக்கும். பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். மரத்துப்போனது உணர்வு மட்டுமே, காற்று போகும் வழி திறந்தேதான் இருக்கிறது. குழாய் போவது உணவுக்குழாய்க்குள், மூச்சுக்குழாய்க்குள் அல்ல. அதனால் பரிசோதனை முடியும்வரை தடையில்லாமல் மூச்சு விடலாம்.

கடினமான பகுதி, நாக்கின் அடியைத் தாண்டிக் குழாய் உணவுக்குழாய்க்குள் நுழையும் சில விநாடிகள். “விழுங்குங்கள்” என்றதும் ஒரே விழுங்காக விழுங்கினால் அது தாண்டிவிடும். அதன்பின் எச்சிலை விழுங்க முயல வேண்டாம், வாயோரம் வழிய விடுங்கள், உறிஞ்சி எடுக்க ஆள் இருக்கிறார். இரைப்பையை விரிக்கக் காற்று செலுத்துவதால் வயிறு உப்பும், ஏப்பம் முட்டும். முடிந்தவரை அடக்கினால் மடிப்புகள் விரிந்து நன்றாகத் தெரியும். திசு எடுக்கும்போது வலிக்காது, ஏனென்றால் இரைப்பையின் உட்சுவருக்கு வெட்டுவதை உணரும் திறன் இல்லை.

முடிந்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். எம்ஆர்டி ரயில் ஏறித் தனியாகவே வீடு போகலாம். ஆனால் தொண்டை மரப்பு போக ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதற்குள் உணவங்காடியில் உட்கார்ந்து சூடாகக் கோப்பி குடித்தால் புரையேறும், சூடும் தெரியாமல் வாய் வெந்துபோகும். முதலில் ஒரு மிடறு சாதா நீரைக் குடித்துப் பாருங்கள், இருமல் வராவிட்டால் சாப்பிடலாம்.

மயக்க ஊசி என்றால்

இது அறுவை அறையில் கொடுக்கும் முழு மயக்கம் அல்ல. புறங்கையில் ஊசிக்குழாய் போட்டு மிடசோலம் என்ற தூக்க மருந்தும், பெரும்பாலும் அதனுடன் ஃபென்டானில் என்ற வலி மருந்தும் செலுத்துவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவு தூக்கம்தான். மிடசோலமின் பெரிய பயன், நடந்ததை நினைவில் தங்க விடாமல் செய்வது. சிலர் பரிசோதனையின்போது குமட்டி இருப்பார்கள், விழித்தபின் எதுவும் நினைவிருக்காது. புரோபோஃபால் கொடுத்தால் தூக்கம் ஆழமாகும், தெளிவதும் வேகம். அதற்கு மயக்க மருந்து நிபுணர் உடனிருந்தால் தனியார் மருத்துவமனையில் அவருடைய கட்டணம் தனியாக வரக்கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு ஆதரவான வலுவான வாதம் வசதி அல்ல, பார்வையின் தரம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் நிதானமாகப் பார்த்த மருத்துவர்கள், விரைந்து முடித்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆபத்தான மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். நோயாளி ஓயாமல் குமட்டிக்கொண்டிருந்தால் அந்த நிதானம் கிடைக்காது. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தால், அல்லது இரைப்பைச் சுவரில் மாற்றம் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தால், அமைதியாகப் படுத்திருக்க உதவும் வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

விலையும் உண்டு. தெளிய 1 முதல் 2 மணி நேரம் ஆகும். பெரியவர் ஒருவர் வந்து அழைத்துப்போக வேண்டும். ஆள் இல்லையென்றால் பரிசோதனையையே தள்ளிவைத்துவிடுவார்கள். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ, இயந்திரம் இயக்கவோ, உயரத்தில் ஏறி வேலை செய்யவோ, முக்கியப் பத்திரத்தில் கையெழுத்திடவோ கூடாது. கிராப் வாடகை வண்டி ஓட்டுபவரும் கட்டுமானத் தளத்தில் இருப்பவரும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) ஒரு நாளுக்கா இரண்டு நாளுக்கா என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது. “தெளிவாகத்தானே இருக்கிறேன்” என்ற உணர்வை நம்பாதீர்கள்.

அபாயத்திலும் வித்தியாசம் உண்டு. நோய் கண்டறிய மட்டும் செய்யும் எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயோ இரைப்பையோ துளைபடுவது ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு நேரக்கூடியது. ஆக்சிஜன் குறைவது, இரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை பெரும்பாலும் மயக்க மருந்தால் வருபவை. மருந்தை முறிக்க ஃப்ளூமசெனில், நலோக்சோன் கைவசம் இருக்கும். ஆனாலும் உரத்துக் குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், மிகுந்த உடல் எடை உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இவர்களில் பலருக்கு ஸ்பிரேதான் பாதுகாப்பு.

நான் பரிந்துரைக்கும் எளிய சோதனை இது: காலையில் பல் துலக்கும்போது நாக்கின் பின்பகுதியைத் தேய்த்தாலே குமட்டுகிறதா? ஆமென்றால் ஊசி. இல்லையென்றால் ஸ்பிரேயைத் தயங்காமல் முயலலாம். இரண்டுக்கும் நடுவில் நின்றால், கையில் ஊசிக்குழாய் போட்டு வைக்கச் சொல்லி, உடன் ஆளையும் அழைத்துக்கொண்டு, ஸ்பிரேயோடு தொடங்குங்கள். தாங்கவில்லையென்றால் அங்கேயே மருந்து சேர்க்க முடியும். இந்த வழியை வெகு சிலரே கேட்கிறார்கள்.

இரண்டையும் கெடுப்பது காலியாகாத வயிறு

திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை. பால் கலந்த தேநீரும் மைலோவும் தண்ணீர்க் கணக்கில் வராது. காலை எட்டரைக்கு நேரம் வாங்கிவிட்டு அதிகாலை மூன்றரைக்குப் பரோட்டா சாப்பிட்டால் அது அப்படியே கேமராவில் தெரியும். மயக்கத்தில் இருப்பவருக்கு அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும், செமாகுளூடைட் போன்ற எடை குறைப்பு ஊசி போடுபவர்களுக்கும் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினியோடு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை நீங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளைச் சுண்ணாம்புபோல இருக்கும் வயிற்று மருந்தை அன்று தொடவே வேண்டாம், அது இரைப்பைச் சுவரில் பூசிக்கொண்டு நிற்கும்.

இரைப்பையில் தங்கிப் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமியைத் தேடுவதாக இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மருந்தை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

குழாயே வேண்டாம் என்பவர்களுக்கு

கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க யூரியா மூச்சுப் பரிசோதனை போதும். புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் இரத்தப் பரிசோதனையும் சிங்கப்பூரில் உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனை சந்தேகம் சொன்னால் கடைசியில் எண்டோஸ்கோப்பிதான், ஏனென்றால் திசு எடுக்க அதனால் மட்டுமே முடியும். எடை காரணமின்றிக் குறைவது, விழுங்கும்போது சிக்குவது, மலம் தார்போலக் கறுப்பது, இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பரிசோதனையோடு நிற்காதீர்கள். மூக்கு வழியாகப் போகும் 5 முதல் 6 மி.மீ. குழாயும் உண்டு. குமட்டல் குறைவு, ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

செலவைப் பொறுத்தவரை, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம், நேராகத் தனியாரிடம் போனால் மானியம் இல்லை. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கை வரம்புக்குட்பட்டு இரண்டிலும் பயன்படுத்தலாம்.

வீடு திரும்பியபின் கடுமையான நெஞ்சுவலியோ வயிற்றுவலியோ, காய்ச்சலோ, இரத்த வாந்தியோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். லேசான தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாளில் போய்விடும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னொன்று: மருத்துவர் கட்டிலருகே வந்து சொல்லும் முடிவு பெரும்பாலும் நினைவில் நிற்காது. உடன் வந்தவரைப் பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்லுங்கள், அறிக்கையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.