"கோர்ட்டில் ஃபைல் பண்ணித் தருகிறோம்" என்று வரும் தளங்கள்: டெக்சஸில் இருப்பவர்கள் உஷார்

டெக்சஸில் அபார்ட்மெண்ட் டெபாசிட்டைத் திரும்ப வாங்குவதற்காகச் சின்ன வழக்கு ஒன்று போடலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், கூகுளில் தேடி முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தை மட்டும் அழுத்தாதீர்கள். அப்படி ஒரு கம்பெனி எங்களிடம் கிட்டத்தட்ட 290 டாலரைக் கறந்துவிட்டு, கோர்ட்டில் ஒரு காகிதத்தைக்கூட உருப்படியாகச் சேர்க்கவில்லை. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, ஒரே அச்சில் வார்த்த மாதிரி பல பெயர்களில் இந்தத் தளங்கள் இருக்கின்றன. அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

டாலஸுக்கு வடக்கே ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். வீடு வாங்கிக்கொண்டு காலி செய்தபோது 1,400 டாலர் டெபாசிட்டில் கார்ப்பெட்டுக்கும் பெயிண்டுக்கும் என்று 1,150 டாலரைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். நாங்கள் குடிபோகும்போதே அந்தக் கார்ப்பெட் தேய்ந்து நூல் தெரிய இருந்தது. டெக்சஸ் சொத்துச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. காலி செய்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்யக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தது நிரூபணமானால் பிடித்த தொகையைப் போல் மூன்று மடங்கும் அதற்கு மேல் 100 டாலரும் தர வேண்டும். நம் பக்கத்தில் ஒரே நிபந்தனை, புது முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தோம்.

என் கணவர் "போனால் போகிறது, விடு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரி வழக்கு ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுக்குப் போகும், எல்லோரும் ஜேபி கோர்ட் என்பார்கள். 20,000 டாலர் வரைக்கும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம், வக்கீல் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்தே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். அந்தத் தாக்கலுக்கு அரசாங்கத்தின் தளம் எது, இடையில் புகுந்து காசு பார்ப்பவன் எவன் என்பதை முதல் பார்வையில் பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தளத்தின் பெயரில் "டெக்சஸ்" இருந்தது, "கோர்ட்" இருந்தது. மேலே கழுகு, பக்கத்தில் தராசு, நீலமும் வெள்ளையுமாகக் கவர்ன்மெண்ட் களை. "நாங்கள் அரசு அலுவலகம் அல்ல, சட்ட நிறுவனமும் அல்ல" என்ற வரி, பக்கத்தின் அடியில் வெளிர் சாம்பல் பின்னணியில் இன்னும் கொஞ்சம் சாம்பலான எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். கோர்ட் கட்டணம் உட்பட 189 டாலர் என்றார்கள். அபார்ட்மெண்டின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று "கவுண்டி ரெக்கார்டுகளிலிருந்து" (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்துத் தர 39 டாலர் 95 சென்ட். அதோடு ஒரு டாலருக்கு ரெக்கார்டு தேடும் வசதி என்று ஒரு பெட்டி. மூன்றுக்கும் கட்டினோம்.

மறுநாள் மெயிலில் ஒரு ரசீது வந்தது. பெரிய பச்சை டிக், "சமர்ப்பிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்து, கீழே ஒரு என்வலப் எண். பார்க்கிறவர்களுக்கு வழக்குப் பதிவாகிவிட்டது என்றுதான் தோன்றும், அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்த ரசீதே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

நடைமுறை வேறு. நாம் ஆன்லைனில் அனுப்புவது முதலில் கோர்ட் கிளார்க்கின் வரிசையில் போய் உட்காரும். அவர் திறந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் தேதியும் நேரமுமாக ஃபைல் முத்திரை விழும், வழக்கு எண் கிடைக்கும். குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். என்வலப் எண் என்பது நீங்கள் எதையோ அனுப்பினீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. "சமர்ப்பிக்கப்பட்டது", "பரிசீலனையில்", "ஏற்கப்பட்டது", "திருப்பப்பட்டது" என்று நிலைகள் மாறிக்கொண்டே வரும், அந்த மாற்றங்களெல்லாம் தாக்கல் செய்த கணக்கின் மெயிலுக்குத்தான் போகும். எங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு கம்பெனியுடையது. அவர்களுக்குத்தான் தகவல் வந்துகொண்டிருந்தது, எங்களுக்கு ஒன்றும் இல்லை.

வாரங்கள் போயின. அபார்ட்மெண்ட்காரர்களுக்குச் சம்மன் போன மாதிரியே தெரியவில்லை. கம்பெனியின் சாட்டில் கேட்டால் ஒவ்வொரு முறையும் "கோர்ட்டில் வேலை தேங்கிக் கிடக்கிறது" என்ற ஒரே பதில், வார்த்தைகூட மாறாமல். கடைசியில் நானே கோர்ட் கிளார்க்குக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் பொறுமைசாலி. என்வலப் எண்ணைச் சொன்னதும், "இதை எப்பவோ திருப்பி அனுப்பிட்டோமே, காரணமும் எழுதியிருக்கோமே, பார்க்கலையா?" என்றார். இரண்டு காரணங்கள். ஒன்று, பிரதிவாதி என்று அபார்ட்மெண்டின் போர்டில் இருக்கும் பெயரைப் போட்டிருந்தார்கள், அது சட்டப்படி ஒரு நிறுவனமே இல்லை. இரண்டு, தப்பான பிரிசிங்ட், அதாவது கவுண்டிக்குள் பிரித்திருக்கும் பகுதி. டெக்சஸில் 50,000 பேருக்கு மேல் வசிக்கும் கவுண்டி என்றால் 4 முதல் 8 பிரிசிங்ட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஜேபி கோர்ட் உண்டு, நாம் நினைத்த இடத்தில் போட முடியாது. முகவரியை வைத்து எந்த பிரிசிங்ட் என்று கவுண்டியின் வரைபடத்தில் பார்ப்பது சின்ன வேலை. 189 டாலர் வாங்கியவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

இதில் இன்னொரு கொள்ளையும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட தாக்கலுக்குக் கோர்ட் கட்டணம் பிடிக்கப்படாது, ஏற்றுக்கொண்டால்தான் போகும். அதாவது எங்கள் பணத்தில் கோர்ட்டுக்கென்று ஒதுக்கியதும் அவர்கள் பையில்தான் இருந்தது.

சரி, அந்த 39 டாலர் 95 சென்ட் அறிக்கை? எட்டுப் பக்கம், வண்ணப் படங்களோடு. சொந்தக்காரர் என்ற இடத்தில் அபார்ட்மெண்டைப் பராமரிக்கும் கம்பெனியின் பெயர். கிளார்க்கிடம் பேசிய அன்று மாலையே கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தேன். சொத்துவரிக்காக ஒவ்வொரு மனைக்கும் கட்டடத்துக்கும் மதிப்புப் போடுகிற அலுவலகம் அது. சொந்தக்காரர் பெயர் அங்கே பளிச்சென்று இருந்தது, ஒரு எல்எல்சி, அதாவது பதிவு செய்த தனியார் நிறுவனம். பைசா செலவில்லை. அந்த எல்எல்சிக்குச் சம்மனை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதற்கு மாநிலத்தின் வரி, கணக்குகளைப் பார்க்கும் கம்ப்ட்ரோலரின் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால் ரெஜிஸ்டர்டு ஏஜெண்டின் பெயரும் முகவரியும் வருகின்றன. அதுவும் இலவசம். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் வேறு. அவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பிய பிடிஎஃப்பை நச்சரித்து வாங்கினேன். வாடகை ஒப்பந்தத்தோடு எங்கள் விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்திருந்தார்கள். அதில் என் கணவரின் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று. பரவாயில்லையே, மறைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். ஏதோ தோன்றி அந்தப் பட்டையின் மேல் மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்தேன். ஒன்பது இலக்கமும் வரிசையாக வந்து நின்றன. எண்ணை அழிக்காமல் அதன் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய வக்கீல்களுக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. 2019 ஜனவரியில், டிரம்ப்பின் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைத்த வரிகளைப் பத்திரிகைக்காரர்கள் இதே காப்பி-பேஸ்ட் முறையில் படித்துவிட்டார்கள். டெக்சஸ் சிவில் வழக்கு விதிகளில் 21சி என்று ஒன்று இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் எண், ஓட்டுநர் உரிம எண், வங்கிக் கணக்கு எண், சிறுவர்களின் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை மறைக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பதிலாக எக்ஸ் போடலாம், அல்லது மறைத்திருப்பது தெரியும்படி அதை நீக்கிவிடலாம். சின்ன கோர்ட்டோ பெரிய கோர்ட்டோ, இந்த முறையைக் கடைப்பிடித்துவிடுவது நல்லது. கோர்ட்டில் பதிவாகிவிட்டால் அது பொது ஆவணம், கண்டவர் பார்க்கலாம். எங்கள் தாக்கல் திருப்பி அனுப்பப்பட்டதே அந்த வகையில் புண்ணியமாய்ப் போயிற்று. என்னைக் கேட்டால், விண்ணப்பப் படிவத்தைச் சேர்க்கவே வேண்டியதில்லை. ஒப்பந்தம், பிடித்தப் பட்டியல், புது முகவரி கொடுத்த கடிதம், புகைப்படங்கள் போதும்.

ஒரு டாலர் தேடல் வசதி என்ன ஆயிற்று என்றால், அது மாதம் 29 டாலர் 95 சென்ட் சந்தாவாக மாறி, இரண்டு தடவை கார்டில் போன பிறகுதான் கண்ணில் பட்டது. ரத்து செய்யப் போனால் பட்டனே இல்லை, போன் பண்ணச் சொன்னார்கள், போனை யாரும் எடுக்கவில்லை. கார்டு கம்பெனியிடம் சொல்லி நிறுத்தினோம்.

அப்புறம் நாங்களே தாக்கல் செய்தோம். மாநிலத்தின் தளம் ஈஃபைல்டெக்சஸ் டாட் கவ் (eFileTexas.gov). முகவரி "கவ்" என்று முடிகிறதா என்று பாருங்கள். வக்கீல் இல்லாமல் தாங்களே வழக்கு நடத்துபவர்களுக்கென்று அதில் ஒரு தனிப் பகுதி உண்டு, கேள்வி கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பித் தரும். ஆன்லைனில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. நம்மைப் போன்றவர்கள் நேரில் போய்க் காகிதமாகவும் கொடுக்கலாம், எல்லா ஜேபி கோர்ட்டிலும் ஆன்லைன் வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜேபி கோர்ட்டில் தாக்கல் கட்டணம் 54 டாலர். சம்மன் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். கட்ட வசதியில்லாதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். அரசாங்கத் தளத்தின் வழியாகத் தாக்கல் செய்ய அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களும் உண்டு, அவற்றின் பட்டியல் அந்தத் தளத்திலேயே இருக்கிறது. எங்களை மொட்டை அடித்த கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த முறை தாக்கல் ஒழுங்காக ஏற்கப்பட்டது. சம்மன் போய்ச் சேர்ந்ததும் அபார்ட்மெண்ட்காரர்களே கூப்பிட்டு, பிடித்த தொகை முழுவதற்கும் செக் அனுப்பினார்கள். மூன்று மடங்கு கேட்டு இழுத்துக்கொண்டிருக்க எங்களுக்குத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிட்டோம்.

வீடு வாங்கிய கையோடு இதே ஜாதியில் இன்னொரு கடிதமும் வரும், சொல்லிவிடுகிறேன். "உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல்" என்று தலைப்பு, அதில் உங்கள் பெயர், மனை விவரம், பதிவான தேதி எல்லாம் சரியாக இருக்கும், கீழே நூறு டாலரை ஒட்டி ஒரு தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி. பொதுப் பதிவிலிருந்து எடுத்ததால்தான் விவரமெல்லாம் சரியாக இருக்கிறது. டெக்சஸில் கவுண்டி கிளார்க்கிடம் பத்திர நகல் பக்கத்துக்கு 1 டாலர், முத்திரை போட்டுச் சான்றளிக்க 5 டாலர் கூடுதல். பதிவான அசல் பத்திரம் எப்படியும் உங்களுக்குத் தபாலில் வந்து சேரும். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் வரிச்சலுகைக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று காசு கேட்கும் கடிதமும் அப்படித்தான். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் அதற்குக் கட்டணமே கிடையாது.

கிரீன் கார்டு தாமதத்துக்காக ஃபெடரல் கோர்ட்டில் மாண்டமஸ் (அரசு அலுவலகத்தை முடிவெடுக்கச் சொல்லிக் கேட்கும் வழக்கு) போட்டிருக்கும் நண்பர்களிடமும் "உங்கள் வழக்கு விவரம் பார்க்கலாம்" என்று சந்தா விற்கிறார்கள். ஃபெடரல் வழக்குகளுக்கு பேஸர் என்ற அரசுத் தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், எவ்வளவு நீளமான ஆவணமானாலும் பெரும்பாலும் 3 டாலருக்கு மேல் போகாது, மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் அதையும் கேட்க மாட்டார்கள்.

கார்டு கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 189 டாலர் திரும்பி வந்தது. அந்தத் தொகை வந்த முதல் கிரெடிட் கார்டு பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம், தள்ளிப் போடாதீர்கள். அறிக்கைக்குக் கொடுத்த 39 டாலர் 95 சென்ட் போனது போனதுதான், "பொருள் கொடுத்துவிட்டோம்" என்று அவர்கள் சாதித்துவிட்டார்கள். டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும், இந்த மாதிரி ஏமாற்றுகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான எஃப்டிசியிலும் புகார் பதிந்திருக்கிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு தளத்துக்குப் பணம் கட்டியவர்கள் இன்றே என்வலப் எண்ணை வாங்கி, சம்பந்தப்பட்ட கோர்ட் கிளார்க்கைக் கூப்பிட்டு, ஏற்கப்பட்டதா, வழக்கு எண் என்ன என்று கேளுங்கள். சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள், ஆனால் இதைச் சொல்வார்கள். நீங்கள் வழக்குப் போட்டவராக இருந்தால் நஷ்டம் பணத்தோடும் தாமதத்தோடும் போகும். உங்கள் மேல் யாராவது ஜேபி கோர்ட்டில் வழக்குப் போட்டு, அதற்குப் பதில் தாக்கல் செய்ய இந்தத் தளங்களை நம்பினால் கதையே வேறு. சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் பதில் கோர்ட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களைக் கேட்காமலே எதிராளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியும். பச்சை டிக் போட்ட ரசீதை அப்போது நீதிபதியிடம் நீட்டிப் பிரயோஜனம் இல்லை.